ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

காசிமேட்டில் இறால் உரிக்கும் அமலோற்பவத்தின்
மணிக்கட்டை அறுத்துப் போனது
எவனோ விட்ட பட்டத்தின் மாஞ்சா.
தோல் பத்து நாளில் மூடிக்கொண்டது.
சுண்டுவிரல் மட்டும்
யாருடையதோ போலக் கிடந்தது.

தரமணி ஆய்வகத்தில் நான் வார்த்த குழாய்,
நூடுல்ஸ் தடிமன், இரண்டு சென்டிமீட்டர்,
இப்போது அவள் நரம்பின் அறுந்த முனைகளுக்கு நடுவே.
எதுல செஞ்சது என்றாள்.
இறால் ஓட்டில்.
"கூடை என்ன வெலைக்கு எடுத்த?"

செவ்வாய்தோறும் விரலால் தட்டிப் பார்க்கிறேன்.
சுரீர் என்ற இடத்தில் பால்பாயின்ட் புள்ளி.
போன மாதம் மணிக்கட்டு ரேகையில்.
இன்று உள்ளங்கை மேட்டில்.
அதற்குள் ஜன்னலுக்கு வெளியே
மெட்ரோ தூண் இரண்டு எழுந்துவிட்டன.

லாரி கவிழ்ந்து
இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாத தமீம்
பக்கத்துக் கட்டிலிலிருந்து கேட்கிறான்:
"எனக்கு எப்போ?"
முதுகுத்தண்டு வேறு ஊர், தமீம்.
என் குழாய்க்கு அங்கே வழி தெரியாது.
கூழ் ஒன்று ஊற்றிய எலி
பின்னங்காலைக் கொஞ்சம் அசைத்தது.
அதை அவனிடம் சொல்லவில்லை.

குழாய் பாதி கரைந்திருக்கும்.
முழுதும் கரையத்தான் செய்தேன்.
கண்ணை மூடச் சொல்லி
சுண்டுவிரலில் ஐஸ்கட்டி வைக்கிறேன்.
"என்னமோ இருக்கு" என்கிறாள்.
என்னவென்று இன்னும் தெரியவில்லை.