நீலம்

திங்கட்கிழமை மூஸ் வேட்டை.
இன்று வியாழன்.
சுன்னிவாவின் புதுத் துப்பாக்கி
தன் சொந்த மேகசினையே
உள்ளே விடமாட்டேன் என்கிறது.

உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை. நுழைகிறது.
பிறகு வெளியே வரமாட்டேன் என்கிறது.

ஹாமர் கடைக்காரன் போனில் சொன்னான்:
"புதுசுதானே, போகப்போக இளகும்."
வெங்காயம் நறுக்கியபடியே
தோர்பியோர்ன் அதை வழிமொழிந்தான்.

இருபத்தொரு வருஷமாய்ப் பல் மருத்துவர் அவள்.
போகப்போக இளகும் என்று
எந்த வாயிடமும் சொன்னதில்லை.

மறுநாள் க்ளினிக்கிலிருந்து திரும்பியபோது
கைப்பையில் ஒரு கீற்று நீலத்தாள்.
புதுப் பல் கட்டியவர்களைக்
கடித்துக் காட்டச் சொல்லும் அதே தாள்.
காலி மேகசினின் தோளில் சுற்றி
உள்ளே தள்ளி இழுத்தாள்.
மூன்று பக்கம் சுத்தம்.
இடப்புறம், பின்மூலையில்
நொய்யரிசி அளவுக்கு நீலம்.

கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாள்.
நாலு இழுப்பு. துடை. நுழைத்துப் பார்.
இன்னும் மூன்று. துடை.
அதிகம் தேய்த்துவிட்டால்
பூசி நிரப்ப இதற்குச் சிமெண்ட் கிடையாது.

பத்தரை மணிக்கு
தன் எடையில் தானே இறங்கிற்று.
க்ளிக்.
கணப்பருகே தூங்கிய நாய்
ஒரே பாய்ச்சலில் கதவருகே நின்றது.
"திங்கட்கிழமைடா" என்றாள்.
அது நம்பவில்லை.

"இளகிடுச்சா?" மாடியிலிருந்து தோர்பியோர்ன்.

கொப்பளிக்கச் சொல்ல எழுந்த நாக்கை
அடக்கிக்கொண்டு
இன்னொரு முறை கழற்றி மாட்டினாள்,
மாடிக்குக் கேட்கிற மாதிரி.