கதவோடு ஓர் ஆற்றைக் கடந்தது

லோட்வாரிலிருந்து எலியே
எத்தனை தூரம் என்று கேட்பவன்
இந்தப் பக்கம் வண்டி ஓட்டாதவன்.
எத்தனை தடவை விழுவாய் என்று கேள்,
சொல்கிறேன்.

நேற்று ஏற்றியது
சோளமாவு இரண்டு மூட்டை,
எண்ணெய் டின் ஒன்று,
எல்லாவற்றுக்கும் மேலே
அமோனியின் புதுக் கடைக்கு
நிலையோடு சேர்த்து ஓர் இரும்புக் கதவு.
நீல பெயின்ட், காய்ந்தும் காயாமலும்.
வழியில் திறந்து ஆடக் கூடாதென்று
பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டேன்.
எபேய் சுற்றிவந்து பார்த்தான்.
"சுவரையும் கட்டிக்கொண்டு போயேன், லோக்வாவி."

மூட்டையை அச்சுக்குப் பக்கத்தில்
தாழ்த்திக் கட்டலாம்.
கதவைத் தாழ்த்த வழியில்லை.
டயரில் காற்றைப் பாதி இறக்கினேன்:
விறைப்பெல்லாம் தார் ரோட்டுக்கு,
மணலில் கொஞ்சம் தொப்பை வேண்டும்.

விடியலில் கிளம்பியிருந்தால்
இரவுக் குளிரில் இறுகிக் கிடந்திருக்கும்.
இதோ காயுது, இதோ காயுது என்றே
வெல்டர் எரெகே பத்து மணியாக்கிவிட்டான்.
பத்து மணி மணலும்
என் மூட்டைக்குள் இருக்கும் மாவும்
ஒரே சல்லடையில் சலித்தவை.

காய்ந்த ஆற்றில் இறங்கும்போது
பயம் சொல்வதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும்.
பிரேக்கைப் பிடி என்று அது கத்தும்போது
இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டும்.
உட்காராதே. முன்சக்கரத்தைப் பார்க்கவே பார்க்காதே.
அக்கரையில் ஒரு பனை இருக்கிறது,
எங்கள் ஊர்ப் பனை, இரண்டாகப் பிளந்தது,
அதன் கவட்டில் கண்ணை வை.
ஹேண்டில்பார் இடமும் வலமும் அலையும்,
அலையட்டும்.
தூங்கும் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்தால் போதும்.
நெரித்தால் செத்துப்போவது
குஞ்சு இல்லை.

பாதி ஆறு நன்றாகத்தான் வந்தேன்.
அப்புறம் காற்று
கதவைக் கண்டுகொண்டது.

வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
எண்ணெய் டின் என்னையும் தாண்டி உருண்டது.
கயிறறுந்த கதவு மட்டும்
நிலையின் இரண்டு கால்களையும் மணலில் ஊன்றி
ஆற்றின் நடுவே நிமிர்ந்து நின்றது,
பூட்டியபடி.
கண்ணுக்கெட்டிய வரை
ஒரு சுவர் கிடையாது.

ஒட்டகத்தோடு வந்த ஒருவன்
அந்தப் பக்கம் நின்று
தட்டினான்.

நான் மண்ணைத் துப்பிக்கொண்டு
"யாரு?" என்றேன்.

முதலில் சிரித்தது அவன்தான்.
அந்தச் சிரிப்பு அடங்காமலே
இருவருமாக வண்டியைத் தூக்கி நிறுத்தினோம்.
முறுக்கினேன்.
பின்சக்கரம் முன்னே போகாமல் கீழே போனது,
செயின் வரைக்கும்.
மூட்டைகளை இறக்கினோம். அப்போதும் கீழேதான்.
ஒட்டகம் வாயை அசைபோட்டபடி பார்த்தது:
நான்கு கால், அகலமான பாதம்,
அதற்கு இதெல்லாம் ஒரு விஷயமா.

அவன் ஒன்றும் சொல்லவில்லை,
கதவைப் பார்த்தான்.
நான் கதவைப் பார்த்தேன்,
அதற்குப் பின்னால் அமோனியின் முகத்தையும் பார்த்தேன்.

படுக்க வைத்தோம்.
சக்கரத்தின் முன்னால் குழி வெட்டி
விளிம்பை உள்ளே தள்ளினோம்.
இரும்பின் மேல் ரப்பர் ஏறியபோது
எழுந்த சத்தத்தை
நான் விலை பேசியிருக்கவில்லை.

எலியேயில், ஏரிக் காற்றில்,
அமோனி இடுப்பில் கைவைத்து நின்றாள்.
நீலத்தின் மேல் அடியிலிருந்து நுனி வரை
என் டயர் ஏறிப் போயிருந்தது,
ஒவ்வொரு பட்டனும் தெளிவாக.
விரலால் தொட்டாள். விரல் நீலமானது.
"கதவு வழியாகத்தான் போவார்கள்,
கதவு மேலேயா போவார்கள்?"

கூலியில் முந்நூறு ஷில்லிங் பிடித்துக்கொண்டாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.
மேஸ்திரி நிலையைச் சுவரில் பொருத்தி,
சிமென்ட் பூசி, குண்டுநூல் விட்டுப் பார்த்து,
இனி யானை வந்தாலும் அசையாது என்றான்.

அமோனி கையை நீட்டினாள்.
"சாவி?"

சட்டைப் பைக்குள் விரலை விட்டேன்.
ஆறு இருந்தது,
ஒரு கைப்பிடி.