நடுவில் ஓர் இட்

ருவைஸில் ஷட்டவுன் தொடங்கிப் பதினாறு நாள்.
என் ஆங்கிலம் மொத்தமும்
மூன்று மூன்று சொல்லாகத்தான் வந்து சேர்ந்தது.
மேக் இட் டைட்.
கீப் இட் க்ளீன்.
லீவ் இட் ஓபன். இது மேன்ஹோல் மூடிக்கு மட்டும்,
மற்ற எதைத் திறந்து வைத்தாலும் திட்டு.

எங்களுக்கு ஒரே சொல் போதும்: இறுக்கு.
இங்கே முதலில் ஒரு வினை,
கடைசியில் அது எப்படி ஆகவேண்டும் என்பது,
இரண்டுக்கும் நடுவே
கப்ளரில் சிக்கிய விரல்போல ஓர் இட்.
குழாய் இட். பலகை இட். எட்டாம் தட்டு ஏணி இட்.

மேக் என்றால் ஆக்கு,
சோறு ஆக்குவதும் அதே ஆக்குதான் என்றேன்.
ரோடெல் விழுந்து விழுந்து சிரித்தான்.
அன்றிலிருந்து கேம்ப்பில் அதுதான் பகடி.
சாம்பார் தண்ணியாய் ஓடிய ராத்திரி
தட்டைத் தட்டி எல்லோரும் கத்தினோம்:
மேக் இட் டைட், மேக் இட் டைட்.

தேக் பகதூர் கத்தவில்லை.
அவனிடம் இருந்தது ஒரே வாக்கியம்: யெஸ் ஸார்.
அவனுக்குச் சொல்லப்பட்டதும் ஒரே வாக்கியம்:
மேக் இட் ஃபாஸ்ட்.

நடுப்பகல் ஓய்வுக்கு இருபது நிமிடம் இருக்கையில்
எட்டாம் தட்டில் அவன் முழங்கால் மடிந்தது.
ஹார்னஸ் பிடித்துக்கொண்டது.
காலையில் அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.
ஹார்னஸைச் சோதிக்கத்தான் படிவம் இருக்கிறது.

ஸேஃப்டி ஆபீசர் ஹிஷாம் கெட்டவர் இல்லை.
ஏசி அறையில் உட்காரவைத்து
குளிர்ந்த மோர் கொடுத்து
பார்த்ததை எழுது ரெமி என்றார்.
எழுதினேன்: ஐ ஸா ஹிம் டயர்ட்.
என் கையால் முதல்முறை
இட் இருந்த இடத்தில் ஒரு ஹிம்.

அவர் பேனா டயர்ட் மேல் ஒருமுறை போய் வந்தது.
அது உன் அபிப்பிராயம் என்றார்,
டோன்ட் மேக் இட் லாங்.
மிஞ்சியது: ஐ ஸா ஹிம்.
ஆமாம், பார்த்தேன்.
நெற்றியில் வியர்வை நின்றுபோனதைப் பார்த்தேன்.
இடுப்பில் தொங்கிய ஸ்பேனரை
பலகையெல்லாம் தேடியதைப் பார்த்தேன்.
பார்த்துவிட்டு
நானும் என் நட்டைத்தான் இறுக்கினேன்.
அதை யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

புதன்கிழமை க்ளினிக்கிலிருந்து தாள் வந்தது.
ஃபவுண்ட் ஹிம் ஃபிட்.
அந்த ஃபிட் மேல் யாரும் கோடு போடவில்லை,
முத்திரை போட்டார்கள்.
விமானம் ஏறத் தகுந்தவன் என்று பொருளாம்.
அவன் மேல்கட்டிலில் கிடந்தது ஒரு சார்ஜர்,
வாய் முறுக்கிய அரைப் பொட்டலம் குளுக்கோஸ்.

தூக்கம் வராமல் அந்த வாக்கியத்தை
எனக்குத் தெரிந்த மொழியில் சொல்லிப் பார்த்தேன்.
களைத்திருக்கக் கண்டேன்.
இதில் நான் தனியாக நிற்கவில்லை,
வினையின் வாலில் இருக்கிறேன்.
என்னை அடித்தால் கண்டதும் போய்விடும்.
களைப்புக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு க்,
இரண்டு குழாயையும் பற்றிய கப்ளர்.
தட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.
ஆனால் இந்த மொழியில் இங்கே படிவம் கிடையாது.

இன்று எட்டாம் தட்டில் புதிதாய் ஒருவன்.
ஹெல்மெட்டில் பெயர்கூட இன்னும் எழுதவில்லை.
ஓகேயா என்றேன். யெஸ் ஸார் என்றான்.
யெஸ் ஸாரை விட்டுவிட்டு உதட்டைப் பார்த்தேன்.
வெடித்திருந்தது.
ரேடியோவில் கீழிருந்து அதே மேக் இட் ஃபாஸ்ட்.
பொத்தானை அமுக்கினேன்,
மேக் இட் ஸ்லோ என்றேன்.
அப்படி ஓர் ஆங்கிலம் உண்டா, தெரியாது.
கொஞ்ச நேரம் ரேடியோவில் இரைச்சல் மட்டும்.
அதற்குள் அவனை ஏணியில் இறக்கிவிட்டேன்,
தண்ணீர் இருக்கும் பக்கமாக.