இழுத்து அளந்த மீட்டர்

துணி கிழிகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.
ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்கு,
இரண்டு கை, ஒரே இழுப்பு.
பாப்ளின் என்றால் விசில் மாதிரி,
காடா என்றால் கொஞ்சம் கரகரப்பு.
பதினோரு வருஷம் லாரன்ஸ் ரோட்டு ஜவுளிக்கடையில்
நின்றபடியே கேட்ட சத்தம்.

அதையே என் வலது தொடையின் பின்பக்கத்தில் கேட்டேன்,
மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்,
ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே காலுக்கு.

பொற்கிளி மேல் தப்பில்லை.
முதுகில் ஏறி உட்காரடி என்று நான்தான் சொன்னேன்.
ஆண்டு விழாவுக்குப் பன்னிரண்டு நாள்.
காலைத் தலைக்கு மேல் தூக்குகிற அந்த ஒரு நொடிக்காக
தரைக்கும் எனக்கும் இடையில்
நாலு விரற்கடை பாக்கி.
மார்கழி. சில்லிட்ட சிமெண்டுத் தரை.
பஸ்ஸை விட்டிறங்கி நேராக வந்து,
சலங்கைப் பையைக்கூடத் தோளிலிருந்து கழற்றாமல்
காலை விரித்தேன்.
அவள் அமுக்க, நான் எம்ப,
அவள் அமுக்க, நான் எம்ப,
ஏழாவதில்
பாப்ளின்.

அரசு மருத்துவமனை பிசியோதெரபி அறையில்
ஜெசிந்தாவுக்கு என்னைவிட ஆறு வயது குறைச்சல்.
வெள்ளைக் கோட்டுப் பையில் பாதி தின்ற கடலை மிட்டாய்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"அன்றைக்கு இழுத்ததா, வலித்ததா?"

இரண்டும் வேறு வேறு என்று
முப்பத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்.
இழுப்பு சதையின் நடுவில் பரவும்,
மூச்சை விட்டால் தானும் தளரும்.
வலி மூட்டோரம் குத்தும்,
மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.
"மூச்சு நின்ற இடத்தில் நீங்களும் நின்னுடுங்க" என்று
மிட்டாயைக் கடித்தாள்.

கடையில் ஒரு தந்திரம் உண்டு.
பனியன் துணியை அளக்கும்போது
லேசாக இழுத்துப் பிடிப்பது.
மீட்டருக்கு ரெண்டு அங்குலம் லாபம்.
வீட்டில் போய்ப் பிரித்தால்
துணி தன் அளவுக்குத் திரும்பியிருக்கும்.
மறுநாள் சண்டைக்கு வருவார்கள்.

என் தொடையை நான் அப்படித்தான் அளந்தேன்.
அதுவும் சண்டைக்கு வந்தது.
ஆறு வாரம்.

விழாவன்று மேடைக்குப் பின்னால்
பத்தொன்பது பேருக்கு ஊக்கு குத்தினேன்.
அந்த ஒரு நொடி வந்தபோது
பொற்கிளி காலைத் தூக்கினாள்,
இடுப்புயரம்தான்.
கைதட்டல் ஒன்றும் குறையவில்லை.

இப்போது முதலில் நடக்கிறேன், கூடத்தைச் சுற்றி.
பிறகு தட்டடவு, விளம்பத்தில்,
கழுத்தில் வேர்வை துளிர்க்கும்வரை.
காலை மெல்ல வீசிக்கொள்வேன், எம்புவதில்லை.
அரைமண்டியில் கால்விரல் பார்க்கிற திசையையே
முட்டியும் பார்க்கிறது;
பாதத்தை மட்டும் திருப்பி
இடுப்பை ஏமாற்றுகிற வேலையை விட்டாச்சு.

நெடுநேர நீட்டல் எல்லாம் வகுப்பு முடிந்த பிறகுதான்,
உடம்பு இஸ்திரி போட்ட துணியாய்
இளஞ்சூட்டில் இருக்கும்போது.
சுவர்க் கடிகாரம் ஓடாது.
ஆனால் திங்கட்கிழமை கீழே கூட்டம்,
கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்க வந்தவர்கள்.
பட்டா, முதியோர் பென்ஷன், தெருவிளக்கு,
ஜெராக்ஸ் மிஷின் பதினைந்து பக்கம் துப்பினால்
முப்பது நொடி.
வலது காலுக்குப் பதினைந்து மனு,
இடது காலுக்குப் பதினைந்து.
யாருடைய குறையோ தீரத் தீர
என் தொடை ஒரு நூல் இறங்குகிறது.
சில நாள் இறங்குவதில்லை.

"அமுக்கட்டா?" என்றாள் பொற்கிளி, போன வாரம், பழக்கத்தில்.
பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.
உட்கார்ந்தாள். அவளும் காலை நீட்டினாள்.
அவளுக்குத் தரைக்கு ஒரு சாண்.
இத்தனை நாள் அவள் சொன்னதேயில்லை.

எனக்கு இன்னும் நாலு விரற்கடை.
கெடிலத்துக் காற்று அந்த இடுக்கில் புகுந்து போகிறது.
இன்றைக்கு இவ்வளவுதான் அளவு.
நான் கொசுறு கேட்கவில்லை.