முப்பத்தேழாம் ஊதா

களிமண்குண்டில், உடைமரக் கிளையொன்றில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒற்றை அடை.
கொம்புத்தேனீ. பெட்டிக்குள் அடங்காத சாதி.
அடையின் மொட்டைமாடியில் ஏறி நின்று
பூ இருக்கும் திக்கை
நேராகவே காட்டிவிடும்.
வயிறு எத்தனை நேரம் அதிர்கிறதோ
அத்தனை தூரம்.

சாயப் புட்டி மதுரையிலிருந்து வந்து சேரவில்லை.
பாசி எடுக்கப் போகும் இருளாயியின் மகள் தந்த
நகப்பூச்சால் முதுகில் புள்ளி வைத்தேன்.
சிவப்பில் பதினெட்டு, மிச்சமெல்லாம் ஊதா.

முப்பத்தேழாம் ஊதா
தென்கிழக்கைக் காட்டி ஆடியது.
அளந்தேன். அறுநூற்று நாற்பது மீட்டர்.
கரையோ நூற்றுப் பத்தில் முடிந்துபோகும்.
அப்புறம் தண்ணீர்தான்.

பிழை என்று எழுதி அடைப்புக்குறி போட்டேன்.
மறுநாளும் அதே பிழை, கூட இன்னும் நாலு.
பிறகு ஒரு வாரம் எதுவும்
கடல் பக்கம் திரும்பவில்லை.
பிறகு மறுபடி.

மூன்று மாதக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்
அமாவாசையை ஒட்டி ஆறு நாள்
பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்.
பேனா பிடித்த கை நடுங்கியது.
பேராசிரியர் போனில் குரலைத் தாழ்த்தி
"யாரிடமும் சொல்லிவிடாதே" என்றார்.
நிலவையும் தேனீயையும் ஒரே தலைப்பில் கோத்தபடி
மூன்று இரவு தூங்கவில்லை.

சொல்லக்கூடாததை இருளாயியிடம் சொன்னேன்.
முக்குளிக்கும் கண்ணாடியை
எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.
"நாங்க பாசிக்குப் போற நாளும் அதானே.
மத்த நாளு நீரோட்டம் தோதுப்படாது.
வள்ளத்துல கருப்பட்டித் தண்ணி வச்சிருப்போம்,
மூடி தொலஞ்ச குடம்.
சனியனுக அதுலதான் வந்து மொய்க்கும்."

மறுநாள் வள்ளத்தில் கூடப் போனேன்.
பாருக்கு மேலே நங்கூரம்.
பெண்கள் ஒவ்வொருத்தியாய்த் தலைகீழாக மூழ்க
குடத்து விளிம்பில் உட்கார்ந்து
குடித்துக்கொண்டிருந்தது
ஊதாப் புள்ளி வைத்த என் நிலவு.

"சரி, பழைய தலைப்பையே எழுது" என்றார் பேராசிரியர்.

ஆறு நாள் முடிந்து
வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்த காலை,
எட்டுப் பத்துக்குக் கிளம்பியது முப்பத்தேழு
தென்கிழக்கே.
எட்டே முக்காலுக்குத் திரும்பி
அடைமேல் ஏறி
மீசையைக் கோதிக்கொண்டது.
ஆடவில்லை.

என் நோட்டில் ஆட்டத்துக்குத்தான் கட்டம் உண்டு.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்
பென்சிலால் எழுதி வைத்தேன்:
போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.