மூன்றாம் நிலை

கடைக்காரப் பையன் ஏசி அறையின் சுவரை
நொடிக்குப் பத்து லட்சம் புள்ளியாய்
அளந்து காட்டினான்.
இது அறுநூறு மீட்டர் போகும் மேடம்.
அது எண்பதுதான், பழைய மாடல், பாதி விலை.

நான் கேட்டது வேறு.
சித்திரையில் பகல் இரண்டு மணிக்கு
பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்,
செம்மண் புழுதி கண்ணாடியில் ஏறினால் எதால் துடைப்பது,
கிளுவை வேலிக்குள் நுழைந்து
அந்தப்பக்கம் பார்க்குமா.
கிளுவைன்னா என்ன மேடம் என்றான்.

எண்பதை வாங்கினேன்.
காங்கயம் பக்கம் நான் பார்த்த எந்தத் தகராறும்
அறுநூறு மீட்டர் அகலம் இருந்ததில்லை.
ஒரு சாண். மிஞ்சினால் முழம்.
கிட்டத்தில் பொய் சொல்லாத கண் போதும்.

ஓலப்பாளையத்துக்கு வடக்கே ஒரு கொறங்காடு.
ஆடும் பல் மாதிரி நின்றது அத்துக்கல்.
"பங்காளி நகத்திப்போட்டானுங் அம்மிணி.
சங்கிலி புடிச்சா ஆளுக்கொரு அளவு வருது.
மிசினு வெச்சுப் பாத்துருங்க"
என்றார் சென்னியப்பன்.
பங்காளி பொங்கியண்ணன் வேலிக்கு அப்பால் குத்தவைத்து
கொழுக்கட்டைப் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

முக்காலி, நீர்மட்டக் குமிழி, ஐந்து வெள்ளைப் பந்து.
முதல் நிலை கிழக்கு மூலையில்.
ஆடுகளை விரட்டிவிட்டு இரண்டாவது.
மூன்றாவதை, வேலி திரும்பும் இடத்தில்
ஓடவிட்டபோது டீ வந்தது.
ஆறு நிமிடம் அது தானாகச் சுற்றும்,
பக்கத்தில் நின்று ஆட்ட அது தொட்டில் அல்ல.
வண்ணம் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு நிமிடம் ஆகும்;
கேமராவை அணைத்து வைத்திருந்தேன்.
வெள்வேல மரத்தடியில் ஏழு டம்ளர்.
அங்கிருந்து கல் தெரியாது.
ஒரு டம்ளர் ஆடை கட்டி அப்படியே இருந்தது.

ராத்திரி, பெருந்துறையில், கணினி முன்னால்
ஒன்றும் இரண்டும் ஒட்டின, இரண்டு மில்லிமீட்டர் பிசகில்.
மூன்றும் ஒட்டியது.
பந்துகள் சரி, மரம் சரி,
கிணற்று மேட்டுக் கைப்பிடிச்சுவர் சரி.
கல் மட்டும் இரண்டாய் நின்றது.

முக்காலிக் கால் புதைந்ததா, கானலா,
பாதி விலைக்கு வாங்கிய புத்தியா என்று
பன்னிரண்டு மணிவரை என்னையே திட்டிவிட்டுப் பார்த்தால்
பத்தொன்பது சென்டிமீட்டர்,
சென்னியப்பன் காட்டுக்குள்.
கூப்பிட்டவருக்குக் குறைந்து
குத்தவைத்தவருக்குக் கூடி
புலப்படத்துக் கோட்டுக்கு இரண்டு விரல் கிட்டத்தில்.

இந்தக் கருவி ஒரே பார்வையில் உலகத்தைப் பார்ப்பதில்லை.
சீவல் சீவலாகப் பார்க்கும்.
கல் இருக்கும் திசைக்கு அது திரும்பிய நேரத்தில்
ஒரு குதிகால்,
முக்கால் முதுகு,
கல்லைச் சுற்றி மண்ணை அமுக்கும் இரண்டு கை.
முகம் கீழே.
வேட்டியா சேலையா,
நிறமில்லாத புள்ளிக்குத் தெரியாது.

சென்னியப்பன் என் பக்கத்தில்தான் டீ குடித்தார்.
அவர் சம்சாரம் தண்ணீர் எடுக்கப் போனார்.
மருமகன் போன் பேசப் போனான்.
பண்ணையாள் எங்கே இருந்தார்?
எண்ணிக்கொண்டே வந்தவள்
நிறுத்திவிட்டேன்.

அசைவதெல்லாம் இரைச்சல், வெட்டு.
இதுதான் பாடம்.
ஆடுகளை வெட்டினேன், ஒரு காக்கை பறந்த கீறலை,
பொங்கியண்ணனின் பாதித் தலையை.
முதுகையும் வெட்டினேன்,
கை கொஞ்சம் தயங்கி.
மூலக்கோப்பைத் தொடவில்லை. தொடக்கூடாது.

அறிக்கையில் இப்படி எழுதினேன்:
காலை 10.40க்குக் கல் இங்கே. 11.25க்குக் கல் இங்கே.
புலப்படத்தோடு ஒத்துப்போவது இரண்டாவது.
காரணம் என்ற கட்டம் காலி.

மூன்றாம் நாள் போன் வந்தது.
"மிசினு யாரைச் சொல்லுதுங்?"
"கல்லை மட்டுந்தானுங் சொல்லுது."
அந்தப்பக்கம் மோட்டார் ஓடும் சத்தம்,
ரொம்ப நேரம்.
பிறகு, பில்லு எவ்வளவுங் அம்மிணி என்றார்.