கிண்ணத்தை இடப்பக்கம் நகர்த்தல்

மூன்றாம் ஆண்டு, வொர்க் ஸ்டடி மினி புராஜெக்ட்.
குலுக்கல் சீட்டில்
அபிஷாவுக்கு மார்த்தாண்டத்து ரொட்டி பேக்டரி,
ஜெனோவுக்குப் பஸ் டெப்போ,
எனக்கு அருமனை தாண்டி ஓர் அண்டியாபீஸ்.
"இண்டஸ்ட்ரியல்னா மெஷினாக்கும்?" என்றார் கண்டக்டர்
என் ஐடி கார்டைப் பார்த்து.
மெஷின் இல்லை.
நூற்றுப்பத்துப் பெண்கள், நூற்றுப்பத்துக் கத்திகள்,
தரையெல்லாம் பருப்புத் தோலின் செம்பொடி.

பத்தாவது பெஞ்சு, லீலாபாய்.
எடுத்தல், கீறல், ஊதல், போடல்.
நான்கு எலிமெண்டாக அவள் கையைப் பிரித்தேன்.
முதல் நாள் மூன்று புள்ளி ஒன்பது நொடி.
ரேட்டிங் நூற்றிருபத்தைந்து என்று போட்டேன்.
பிறகுதான் தெரிந்தது:
வீட்டுக்கு வந்த ஆளுக்குக் கோழி அடிக்கிற மாதிரி
எனக்காக வேகமாக உரித்திருக்கிறாள்.

இரண்டாம் நாள் ஆறு நொடி.
மணி பார்ப்பது கிலோக் கூலியைக் குறைக்கத்தான் என்று
சோறு தின்னும்போது யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
பெஞ்சு முழுக்க ஒரே நாளில் கைவலி.

மூன்றாம் நாள் மழை.
தகரக்கூரைச் சத்தத்தில் ஸ்டாப்வாட்சின் கிளிக் கேட்கவில்லை,
என்னை மறந்துவிட்டார்கள்.
நான்கு புள்ளி எட்டு.
அதுதான் உண்மை என்று வட்டமிட்டேன்.

வட்டம் என்றால் வேலை, அம்பு என்றால் நகர்தல்,
சதுரம் சோதனை, டி என்றால் தாமதம்.
செலின் சொன்ன கெட்ட கதைக்கு
பெஞ்சு பதினேழு நொடி குலுங்கியது.
டி போட்டேன்.
வேறு குறி இல்லை.

களைப்புக்கு நான்கு சதவீதம்,
சொந்தத் தேவைக்கு ஆணுக்கு ஐந்து, பெண்ணுக்கு ஏழு
என்கிறது புத்தகத்தின் அட்டவணை.
அந்தக் கூடுதல் இரண்டு எதற்கென்று
வகுப்பில் பையன்கள் கேட்டுச் சிரித்தார்கள்.
சார் அடுத்த பக்கம் போனார்.
இங்கே ஆண் என்றால் மேஸ்திரி மட்டும்.
கக்கூஸ் சாவி அவர் மேஜையில்.

அப்போதுதான் கிண்ணத்தைப் பார்த்தேன்.
எல்லோருக்கும் வலப்பக்கம்.
கத்தி வலக்கையில், பருப்பு இடக்கையில்,
ஒவ்வொரு பருப்பும் உடம்பைக் கடந்து போகிறது.
இடப்பக்கம் வைத்தால்
புள்ளி ஏழு நொடி மிச்சம்.
நாளுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு பருப்பு,
ஒரு மணி நான்கு நிமிடம்!
இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன்.
மூன்று வருடத்தில் முதல்முறையாக
நான் ஓர் இன்ஜினியர்.

லீலாபாயிடம்தான் முதலில் சொன்னேன்.
கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டாள்:
"அந்த ஒரு மணிக்கூறு ஆருக்க கணக்குல போவும்?"
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.
"அப்பம் எழுதாத பிள்ளே, கேட்டியா.
நாங்க நவுத்திக்கிடுதோம்."
கொஞ்சம் கழித்து,
"காலத்த இருந்து நீ நாப்பத்திமூணு மட்டம்
பேனாவக் கடிச்ச.
நானும் எண்ணினேன்."

வைவாவில் பரிந்துரை கேட்டார்கள்.
கிழக்குப் பெஞ்சுகளுக்கு ட்யூப் லைட் வேண்டும் என்றேன்.
"அதனால் எத்தனை நிமிடம் மிச்சம்?"
அளக்கவில்லை சார்.
அபிஷாவின் ரொட்டி நிமிடத்துக்குப் பன்னிரண்டு கூடியிருந்தது,
அவளுக்குத் தொண்ணூற்றிரண்டு.
எனக்கு அறுபத்தெட்டு.
வீட்டில் அம்மா மார்க்கைக் கேட்டுவிட்டு
மீன் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கினாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

அறிக்கையின் நகல் கொடுக்க மறுபடி போனேன்.
பத்தாவது பெஞ்சில் கிண்ணங்கள் இடப்பக்கம்.
ஒன்பதிலும், பதினொன்றிலும்.
மேஸ்திரியின் செருப்புச் சத்தம் கேட்டால்
எல்லாம் ஒன்றாய் வலப்பக்கம் போகின்றன,
சத்தம் தேய்ந்தால் திரும்பி வருகின்றன.
பழக்கதோஷம், அதையும் அளந்தேன்.
போக ஒன்றே கால், வர ஒன்றே கால்.
நகர்தல்தான், அம்புக்குறி போட்டால் போதும்.
போடாமல்
பேனாவை வாயில் வைத்தபடி நின்றேன்.

தலை நிமிராமல் லீலாபாய் சொன்னாள்,
"ஒண்ணு."